கட்டுப் போட்ட பூசணி

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டும் அன்று, அவள் வாயில் வைக்கும் முதல் காய் எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்ததாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். முடிவு செய்ததோடு நிறுத்தியிருக்கலாம். கைப்பேசியில் இருக்கும் குடும்ப குரூப்பில் எழுதியும் போட்டுவிட்டேன்.

"கடையில் வாங்கிய காய், மருந்தடித்த காய் எதுவும் பிள்ளை வாயில் படக் கூடாது. தயவுசெய்து அனைவரும் ஒத்துழைக்கவும்."

போட்ட பிறகு 'தயவுசெய்து' தேவைதானா, 'ஒத்துழைக்கவும்' ஏதோ அலுவலகச் சுற்றறிக்கை போல இருக்கிறதோ என்று அரை மணி நேரம் யோசித்தேன். அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாம் என்று திறந்தபோது, என் கணவர் பதில் போட்டிருந்தார்: "உத்தரவு கண்டேன். நான் முப்பது வருஷமாகக் கடைக் காய் தின்று வளர்ந்தவன். பிள்ளையைத் தொடலாமா, கூடாதா என்பதையும் தெரிவிக்கவும்." அதற்கு எட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி.

பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருந்தேன். தை மாதத்தில் பிள்ளையோடு இராஜபாளையம் திரும்பினேன். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டதால், இங்கே என் கணவரும் மாமனாரும்தான். கணவர் பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் சூப்பர்வைசர். மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட் வாங்கப் போனாலும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டுதான் போவார்.

வந்த வாரமே கொல்லையைக் கொத்தி, தக்காளி, கத்திரி, வெண்டை என்று ஒவ்வொரு வரிசை வைத்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசணி விதை மூன்று ஊன்றினேன். ஒன்றுதான் முளைத்தது. அதைப் பந்தலில் ஏற்றிவிட்டேன். பூ நிறைய வந்தது, பிஞ்சு எல்லாம் உதிர்ந்தது. பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த பஞ்சுக் குச்சியால் ஆண் பூவைத் தொட்டுப் பெண் பூவில் தடவினேன். காது குடைய வாங்கின குச்சியில் பூவுக்குக் கல்யாணம் நடக்கிறது என்று கணவர் சொன்னார். சொல்லட்டும். ஒரே ஒரு காய் நின்றது. பந்தலில் தொங்கும் காய் பாரம் தாங்காமல் விழுந்துவிடக் கூடாது என்று, பேண்டேஜ் துணியில் ஒரு தூளி கட்டி அதில் அதைப் படுக்க வைத்தேன்.

இந்தத் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெசவில் இழை விட்டுப்போனதைக் கழித்துப் போடுவார்கள். அதில் ஒரு மூட்டை கணவர் கொண்டுவந்தார். முதலில் தொட்டிலுக்குக் கொசுவலை தைத்தேன். அப்புறம் ஜன்னலுக்கு. சித்திரை வெயில் ஏறியதும், மயில்கள் வேறு வந்து தக்காளியைக் கொத்த ஆரம்பித்ததும், கொல்லை முழுவதற்கும் மேலே ஒரு விதானம். ஒரு மடிப்புப் போதுமா என்று சந்தேகம் வந்து இரண்டு மடிப்பாகப் போட்டேன்.

"இந்த வீட்டுல துணி சுத்தாம மிச்சம் இருக்கிறது நானும் எங்க அப்பாவுந்தான்" என்றார் கணவர்.

விதானத்தின் மூலைகளைப் பந்தல் கால்களில் நான் கட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்து நின்று பார்த்தார்.

"இதென்ன தாயி, சடைக்கு ரிப்பன் கட்டுன மாதிரி கட்டியிருக்க? தள்ளு."

எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டு அவரே கட்டினார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். "பனிக்காத்துல டென்ட்ட பிடிச்சு நிறுத்துன முடிச்சு இது. ஆகாசமே இடிஞ்சு விழுந்தாலும் அவுராது."

"அவுக்கணும்னா எப்படி மாமா அவுக்கிறது?"

"எதுக்கு அவுக்கணும்?"

அதே வாரத்தில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். குழந்தை ஆறு ஏழு மாதத்தில் தவழ ஆரம்பிக்கும், கூரான பொருள்களை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். என் மகள் அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள். இருந்தாலும் முன்கூட்டியே இருப்பது நல்லது அல்லவா? கத்தி, கத்திரிக்கோல், ஊசி டப்பா, அரிவாள்மணை எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். காய் நறுக்க ஏணி, நறுக்கி முடித்ததும் மறுபடி ஏணி. நகம் வெட்டுவதற்குக்கூட இந்த வீட்டில் மலை ஏற வேண்டியிருக்கிறது என்று கணவர் முனகினார்.

ஒரு நாள் மூன்று மணிக்கு மேல் அய்யனார் கோவில் பக்கம் மலை கறுத்தது. மேற்கே கறுத்தால் மழை வரும், வராமலும் போகும். எதற்கும் இருக்கட்டும் என்று காய்ந்த துணிகளை எடுத்தேன். முதலில் காற்று வந்தது. பிறகு குளியலறைத் தகரத்தில் டங் என்று ஒரு சத்தம். தெருவில் யாரோ கல் எறிகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் ஊரே சேர்ந்து எறிகிற மாதிரி சத்தம்.

"ஆலங்கட்டி தாயி!" என்று மாமா கத்தினார். பயந்து கத்தவில்லை. கையில் ஒரு டம்ளரோடு, பிடித்துப் பார்க்க வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

நெல்லிக்காய் நெல்லிக்காயாக விழுந்தது. பிள்ளை தொட்டிலில் விழித்துக்கொண்டு, அழாமல், கூரையைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். நான் பின்கதவில் நின்று கொல்லையைப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த வீட்டுக் கத்திரி இலைகள் கிழிந்து பறக்கின்றன. எங்கள் செடி ஒன்றின் மேலும் ஒரு கல் விழவில்லை. எல்லாக் கல்லையும் என் விதானம் ஏந்திக்கொண்டது.

அங்கேதான் கோளாறு. பேண்டேஜ் துணியில் தண்ணீர் இறங்கிவிடும், பனிக்கட்டி எப்படி இறங்கும்? துணி நடுவில் தொங்க ஆரம்பித்தது. முதலில் தொட்டில் அளவு, அப்புறம் ஒரு மாட்டு வயிறு அளவு. தக்காளிச் செடியின் தலைகள் வளைந்தன. பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். ஒரு மூலையை அவிழ்த்துவிட்டால் கட்டியெல்லாம் சரிந்து சுவரோரம் கொட்டிவிடும். முடிச்சைப் பிடித்தேன். நனைந்து, இறுகி, கல்லாகக் கிடந்தது.

"மாமா! முடிச்சு!"

மாமா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் போட்ட முடிச்சோடு அவரே மல்லுக்கட்டினார். பல்லால் கடித்துப் பார்த்தார்.

"கத்தியை எடு தாயி, கத்தி!"

"பரணில இருக்கு மாமா."

"பரணிலயா? கத்திரிக்கோலு?"

"அதுவும்."

"அரிவா?"

வாளிக்குள் இருந்து அவர் முகத்தை மட்டும் பார்த்தேன். அவர் எத்தனையோ பனிமலையில் எத்தனையோ பார்த்தவர். இப்படி ஒரு பார்வை யாரையும் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் பந்தல் கால் முறிந்தது. முடிச்சு அவிழவில்லை, அதனால் ஒரு கால் முறிந்ததும் மற்றக் கால்களையும் இழுத்துக்கொண்டு எல்லாம் மொத்தமாக இறங்கியது. வண்டியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி அத்தனை பனிக்கட்டியும் ஒரே இடத்தில், தக்காளி மேல், கத்திரி மேல். பூசணி தூளியோடு போய்த் துவைக்கிற கல்லில் மோதியது. அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

பத்து நிமிடத்தில் வெயில் அடித்தது.

அடுத்த வீட்டு அக்கா சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார். தெலுங்கு பேசுகிறவர். என் மகளைப் பங்காரு, அதாவது தங்கம், என்றுதான் கூப்பிடுவார். "எங்க வீட்டுல இலையெல்லாம் சல்லடையாப் போச்சு. ஆனா செடி நிக்குது. உங்க வீட்டுல என்ன இது, யானை விழுந்து புரண்டாப்புல இருக்கு?"

துணி கட்டாமல் இருந்திருந்தால் எங்கள் செடியும் நின்றிருக்கும் என்று அந்த அக்காவின் கத்திரிச் செடி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி" என்றார் மாமா.

நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் ஒரு காற்று, இந்தப் பக்கம் ஒரு காற்று. அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியா" என்று உள்ளே போனார். மாமா எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன்.

கணவர் வந்ததும் மாமா சேத அறிக்கை வாசித்தார். "தக்காளி ஏழு, மொத்தமும் போச்சு. கத்திரி ஆறுல ரெண்டு பிழைக்கும். வெண்டைக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. பூசணிக் கொடி போச்சு. காய்க்குக் காயம், ஆனா உயிர் இருக்கு."

"எதிரி யாருப்பா?"

"ஆலங்கட்டி."

"துணி எப்படிக் கீழ வந்துச்சு?"

மாமா கால் கழுவப் போய்விட்டார்.

காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிளக்கவில்லை. ஒரு பக்கம் நாலு இடத்தில் நசுங்கல், ஒரு நீளக் கீறல். காம்பு கொடியில் இருந்து பிய்ந்திருந்தது. சோறு ஊட்டுவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆறு மாதம் முடிகிற அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில் ஊட்டுவதாக அம்மா என் பிரசவத்தின்போதே நேர்ந்திருந்தாள், நாளை மாற்ற முடியாது. அம்மாவுக்கு போன் செய்தேன்.

"காம்பு ஒட்டிட்டு இருக்கா? இருந்தா தாங்கும். மஞ்சளும் சாம்பலும் அப்பி வை. ஏட்டி, இதுக்குப் போயி அழுதியா?"

"இல்லம்மா."

"மூக்கு உறிஞ்சுத சத்தம் இங்க கேக்கு."

மஞ்சளும் சாம்பலும் குழைத்து அப்பினேன். அது உதிர்ந்துவிடுமே என்று கவலைப்பட்டபோது மாமா மூட்டையில் இருந்து ஒரு சுருள் துணியை எடுத்தார். தலையில் அடிபட்டவனுக்குச் சுற்றுகிற மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக, அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றினார். காம்பு மட்டும் மேலே தெரிந்தது. கூடத்தில் தொட்டிலுக்குப் பக்கத்தில், பானை வைக்கும் பிரிமணையில் அதை உட்கார வைத்தோம்.

மறுநாள் அக்கா ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தார். பிள்ளைக்கு என்று நினைத்துக் கை நீட்டினேன். "பிள்ளைக்கு இல்ல, பேஷண்ட்டுக்கு" என்று பூசணிக்கு முன்னால் வைத்தார். "ஏமம்மா பங்காரு, உன் பூசணிக்கு எத்தனை தையலாம்?" என் மகள் வாய் கொள்ளாமல் சிரித்தாள். அவளும் அந்தக் கட்சி.

நான்காம் நாள் லேசாகப் புளிப்பு வாசனை வருவது போல இருந்தது. பிள்ளை கக்கிய பால்தான் என்றார் கணவர். கட்டைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

"தினமும் பிரிச்சா புண்ணு ஆறுமா?" என்றார் அவர்.

"டிரெஸ்ஸிங் என் டூட்டி" என்றார் மாமா. "நீ பிள்ளையைப் பாரு தாயி. செத்த நேரம் அதை விடு."

மறுநாள் காலையிலேயே மாமா பையை எடுத்துக்கொண்டு நடக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது பையில் இருந்து வாழைத்தண்டு எட்டிப் பார்த்தது. பூசணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார், கதவைச் சாத்திக்கொண்டார். காம்பும் மறையச் சுற்றிய புதுக் கட்டோடு திரும்பக் கொண்டுவந்து பிரிமணையில் வைத்தார்.

"எப்படி இருக்கு மாமா?"

"ஆறிட்டு வருது."

சாயங்காலம் பெருக்குவதற்காக அதைத் தூக்கியபோது முன்பைவிடக் கனமாக இருந்தது. ஒரு காய் கொடியை விட்டு வந்த பிறகு எடை கூடுமா? கூடாது என்றுதான் பள்ளியில் படித்தது. தூக்கம் கெட்டதால் எனக்குத்தான் கை சோர்ந்துவிட்டதோ?

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கிட்டுப் போல" என்றார் கணவர்.

அந்த நாளும் வந்தது. டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். என் மடியில் பிள்ளை, மாமா மடியில் பூசணி. இரண்டும் வெள்ளைத் துணி சுற்றி ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. கண்டக்டர் என் மகளைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"பெரியவரே, இதுல எதுக்கு டிக்கெட், எது ஃப்ரீ?"

"ரெண்டும் ஃப்ரீதான். கை படாமப் போ. ஒண்ணுக்கு இப்பத்தான் காயம் ஆறியிருக்கு."

கோயிலில் பிரசாதப் பொங்கலில் ஒரு பருக்கையை எடுத்து அம்மா அவள் நாக்கில் வைத்தாள். அவள் முகத்தைச் சுளித்து, அதை உதட்டுக்குக் கொண்டுவந்து, யோசித்து, திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்கு வந்ததும் பூசணியை வேறு யாரையும் தொட விடாமல் நானே அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா வீட்டில் கத்தி கத்தி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மாமாவின் முடிச்சை அறுத்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன்.

உள்ளே இருந்த காய்க்கு ஒரு காயமும் இல்லை.

திருப்பிப் பார்த்தேன். நசுங்கல் நாலும் இல்லை, கீறல் இல்லை. என் காய்க்கு அடிப்பக்கம் தூளியில் கிடந்து பச்சையாக ஒரு வட்டம் இருக்கும். இது சுற்றிலும் பழுத்த மஞ்சள். என் காயின் காம்பு பிய்ந்திருந்தது. இது அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டியது. ஓரத்தில், சந்தையில் வியாபாரிகள் தங்கள் குவியலுக்கு இழுக்கிற சுண்ணாம்புக் கோடு, பாதி துடைத்தபடி இருந்தது.

"ஏட்டி, கத்தியை வச்சுக்கிட்டு என்ன நிக்க? பிள்ளை பசிக்கு அழுகா" என்றாள் அம்மா கூடத்தில் இருந்து.

எட்டிப் பார்த்தேன். மாமா என் மகளை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். குரூப்பில் உத்தரவு போட்டிருக்கிறேன். இதற்கு எத்தனை முறை மருந்து அடித்தார்களோ. இப்போது வெளியே போய், இது என் காய் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? விசேஷம் பாதியில் நிற்கும். மாமா நடுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்திருப்பார். 'இந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி' என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் மறைத்தது என் துணியை மட்டும் அல்ல என்பது அந்த அடுக்களையில், அறுபட்ட முடிச்சைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது நாளாக நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூசினேன். அவர் என் முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறார்.

காயை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். தோலைத் தடியாகச் சீவினேன். போதுமா என்று யோசித்து இன்னொரு முறை சீவினேன். வேகவைத்து, சோற்றோடு குழைத்து எடுத்துப் போனேன்.

முதல் வாய்க்கு என் மகள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இரண்டாவது வாய்க்கு என் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்றாவதுக்குக் கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

"அம்மாடி, தோட்டத்துக் காய்னா தோட்டத்துக் காய்தான்!" என்றாள் அம்மா. "என்ன ருசியா இறங்குது பாரு."

மாமாவுக்கு இருமல் வந்தது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வாசலில் உட்கார்ந்திருந்த அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மாமா, காயம் எல்லாம் நல்லா ஆறிப்போச்சு. தழும்பே இல்ல."

காபியை ஒரு ஆற்று ஆற்றினார். "ஆர்மி டிரெஸ்ஸிங் தாயி. அப்படித்தான் இருக்கும்." இன்னொரு ஆற்று. அப்புறம் குரல் இறங்கியது. "நீ வாசனைன்னு சொன்ன ராத்திரியே பிரிச்சுப் பாத்தேன், அது உள்ளுக்குள்ள கொழகொழத்துப் போச்சு தாயி. கட்டு போட்டதே தப்பு. காத்துப் படாம வெந்துட்டு. உங்கிட்ட சொல்ல மனசு வரல. விடிஞ்சதும் சந்தைக்குப் போயி, அதே அளவுக்கு ஒண்ணு தேடி வாங்கியாந்துதான், அதை எருக்குழியில போட்டு மூடுனேன்."

"விதானம் கட்டணும்னு சொன்னது நான்தானே மாமா."

"முடிச்சு நான் போட்டது."

"கத்தியைப் பரணில வச்சது யாரு?" என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்து கணவரின் குரல் கேட்டது. அவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை.

"போலே, உள்ள போ" என்றார் மாமா.

பிள்ளை தூங்கிய பிறகு கைப்பேசியை எடுத்தேன். குரூப்பில் எல்லோரும் படம் கேட்டிருந்தார்கள். கன்னத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு அவள் சிரிக்கிற படத்தைப் போட்டு, "நம் வீட்டுத் தோட்டத்துப் பூசணிக்காய் சாப்பிட்டாள்" என்று எழுதினேன். அனுப்பவில்லை. தோட்டத்தை எடுத்தேன். வீட்டை எடுத்தேன். 'நம்' இருக்கலாமா என்று பார்த்தேன், அதுவும் சரியாகப் படவில்லை. கடைசியில் "பூசணிக்காய் சாப்பிட்டாள்" என்று மட்டும் அனுப்பினேன்.

முதல் கட்டைவிரல் மாமாவுடையது. எனக்கு எதிரே, கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தூரப் பிடித்தபடி அவர் அதைத் தேடி அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தி முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்பது நாளில் முதல் முறையாக.